வெளிறிய முகமும் விடாத காய்ச்சலும்: குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முன்கூட்டியே அறிவோம்

குழந்தைகள் உள்ள வீட்டில் சளி, காய்ச்சல், வயிற்றுவலி, விழுந்து எழுந்த காயம் ஆகியவை இல்லாத மாதம் அரிது. மூன்றாம் நாளில் தணியும் காய்ச்சல் எது, மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டிய காய்ச்சல் எது என்பதைப் பெற்றோர் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள். இவ்வனுபவ அறிவு மதிப்பு மிக்கது. எனினும், வழக்கமான காய்ச்சல்களைப் போலவே தோன்றி, வழக்கத்திற்கு மாறாக நீடிக்கும் ஒரு நோயை இனம் காண அவ்வறிவோடு இன்னும் சில செய்திகளும் தேவைப்படுகின்றன. அந்நோய் குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்.

வங்கி இதழில் மருத்துவக் கட்டுரை எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடிக்க வருவோரிடம் நாம் காரணம் கேட்பதுண்டு. திருமணம், வீட்டு வேலை, கல்விக் கட்டணம் என்று பல விடைகள் வரும். 'குழந்தைக்கு வைத்தியம்' என்னும் விடை வரும்போது முகப்பின் இரு பக்கமும் சிறிது நேரம் பேச்சு நின்றுவிடுகிறது. பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்த பணம் அதே பிள்ளையின் உயிருக்காகக் கரைவதை நாம் அடிக்கடி காண்கிறோம். நாம் மருத்துவர்கள் அல்லோம். ஆயினும், நோய் காலத்தில் கண்டறியப்பட்டால் உயிர், பொருள் ஆகிய இரண்டின் இழப்பும் குறைகிறது என்பதை நன்கு அறிவோம். மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்டுள்ள செய்திகளையே இங்குத் தொகுத்துத் தருகிறோம். முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவரே.

மூவகை அணுக்கள்

நம் இரத்தம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகிறது. அங்கு மூவகை அணுக்கள் உருவாகின்றன. உடலெங்கும் பிராணவாயுவைக் கொண்டு செல்பவை சிவப்பணுக்கள். கிருமிகளை எதிர்ப்பவை வெள்ளையணுக்கள். காயம் பட்டால் இரத்தத்தை உறையச் செய்பவை தட்டணுக்கள். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். தட்டணுவின் ஆயுள் பத்து நாளுக்குள் அடங்கும். எனவே மஜ்ஜை ஓய்வின்றிப் புதிய அணுக்களை உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரத்தப் புற்றுநோயில், முதிர்ச்சி அடையாத வெள்ளையணு ஒன்று கட்டுப்பாடின்றிப் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்கிறது. நல்ல அணுக்கள் உருவாக இடமில்லாமல் போகிறது. சிவப்பணுக்கள் குறைவதால் வெளிறுதலும் சோர்வும், நல்ல வெள்ளையணுக்கள் குறைவதால் அடிக்கடி காய்ச்சலும், தட்டணுக்கள் குறைவதால் இரத்தக் கசிவும் தோன்றுகின்றன. மஜ்ஜையில் நெரிசல் ஏற்படுவதால் எலும்பு வலிக்கிறது. நோயணுக்கள் கல்லீரல், மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் தங்குவதால் அவை வீங்குகின்றன. இந்த அடிப்படையை மனத்தில் இருத்திக்கொண்டால் அறிகுறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது இதுவே. இதில் பெரும்பான்மை, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, 'கடும் நிணவணு இரத்தப் புற்றுநோய்' எனப்படும் வகை. மருத்துவமனைகளில் இதனை 'ஏ.எல்.எல்.' என்று சுருக்கமாகக் கூறுவர். இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. ஆனால் எந்த வயதிலும் வரலாம்.

வெளிறுதலும் சோர்வும்

நம் நாட்டில் இந்த அறிகுறியை இனம் காண்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2019–21 காலத்தில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஆகவே, குழந்தை வெளிறியிருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று கொண்டு சத்து மருந்து வாங்கிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அந்தக் கணிப்பு சரியாகவே இருக்கும். வெளிறுதல் சில வாரங்களுக்குள் விரைந்து தோன்றினாலும், அதனுடன் காய்ச்சலோ இரத்தக் கசிவோ சேர்ந்தாலும், பரிசோதனை இன்றிச் சத்து மருந்தை மட்டும் நம்புதல் கூடாது.

நிறம் எதுவாயினும் வெளிறுதலை அறிய எளிய வழி உண்டு. கீழ் இமையைச் சற்றே விலக்கி உட்புறத்தைப் பாருங்கள். உதடு, நாக்கு, நகக்கண் ஆகியவற்றைப் பாருங்கள். குழந்தையின் உள்ளங்கையை உங்கள் உள்ளங்கையோடு சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள். ஓடியாடிய குழந்தை விளையாட்டை விட்டு ஒதுங்கி அமர்தல், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குதல், தூக்கச் சொல்லி அடம்பிடித்தல், பகலிலும் படுத்துக்கொள்ளுதல் ஆகியவையும் சோர்வின் அடையாளங்களே.

விடாத காய்ச்சல்

சாதாரண வைரஸ் காய்ச்சல் ஒரு வாரத்திற்குள் தணிந்துவிடும். தெளிவான காரணம் இன்றி இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலும், மருந்து கொடுத்தால் விட்டு மீண்டும் மீண்டும் வரும் காய்ச்சலும் ஆராயப்பட வேண்டியவை. மலேரியா, டைபாய்டு, டெங்கு, காசநோய் ஆகியவையும் நம் நாட்டில் மிகுதி. மருத்துவர் முதலில் அவற்றை ஐயுறுவது முறையே. அவற்றுக்கான சிகிச்சையில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லையெனில், 'வேறு ஏதேனும் இருக்குமா?' என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை.

காரணமற்ற இரத்தக் கசிவு

நடக்கப் பழகிய குழந்தையின் முழங்காலிலும் கணுக்காலின் மேற்புறத்திலும் கன்றிய தழும்புகள் இருப்பது இயல்பு. முதுகு, வயிறு, மார்பு, தொடையின் உட்பக்கம் போன்ற இடங்களில், அடிபட்டதாக நினைவே இல்லாமல் நீலமாக இரத்தம் கட்டியிருந்தால் கவனிக்க வேண்டும்.

தோலில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவது மற்றோர் அடையாளம். இவற்றை வேர்க்குரு என்றும் கொசுக்கடி என்றும் எண்ணிவிடுவதுண்டு. தெளிவான கண்ணாடிக் குவளையின் பக்கத்தை அப்புள்ளிகள் மீது மெல்ல அழுத்திப் பாருங்கள். வேர்க்குருவும் ஒவ்வாமைத் தடிப்பும் அழுத்தும்போது நிறம் மங்கும். தோலுக்கடியில் கசிந்த இரத்தப் புள்ளி மங்காது. அத்தகைய புள்ளிகளைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அவை டெங்கு முதலான வேறு கடும் நோய்களின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வருதல், மூக்கில் அடிக்கடி இரத்தம் ஒழுகி நிற்க நேரமாதல் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

எலும்பு வலியும் நொண்டி நடத்தலும்

பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இதுவே. 'வளர்கிற வயது, கால் வலிக்கத்தான் செய்யும்' என்று பாட்டி சொல்வதில் உண்மை உண்டு. அத்தகைய வலி இரண்டு கால்களிலும் மாலையிலோ இரவிலோ வந்து, தடவிக் கொடுத்தால் தணிந்து, காலையில் முற்றிலும் மறைந்துவிடும். மறுநாள் குழந்தை ஓடியாடும். பகலிலும் தொடரும் வலி, நாளுக்கு நாள் மிகும் வலி, நொண்டி நடத்தல், நடக்கவே மறுத்தல், முதுகு வலிக்கிறது என்று சிறு குழந்தை சொல்லுதல் ஆகியவை வளர்ச்சி வலியின் இயல்பு அல்ல.

எங்கள் கிளையொன்றின் வாடிக்கையாளர் குடும்பத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பல வாரங்களாகக் கால் வலி என்று சொல்லிவந்தாள். குதித்து விளையாடியதால் வந்த வலி என்று தைலம் தடவினார்கள். விளையாட்டு நேரத்தில் அவள் மட்டும் திண்ணையில் அமர்ந்திருப்பதையும் முகம் வெளுத்திருப்பதையும் கண்டு, வகுப்பாசிரியை தாயை அழைத்து இரத்தப் பரிசோதனை செய்யும்படி அறிவுறுத்தினார். அந்த ஒரு பரிசோதனையே நோயைக் காட்டிற்று. சிகிச்சை முடிந்து அச்சிறுமி இன்று பள்ளி செல்கிறாள். நாள்தோறும் குழந்தையைப் பார்க்கும் ஆசிரியர், வேன் ஓட்டுநர், பக்கத்து வீட்டார் ஆகியோரின் கண்கள் பெற்றோரின் கண்களுக்குத் துணையாகும் என்பதற்கு இது ஒரு சான்று.

நெறிகட்டும் வயிற்று வீக்கமும்

தொண்டைப் புண்ணோ தலையில் சிரங்கோ இருந்தால் கழுத்தில் நெறிகட்டும். புண் ஆறினால் அதுவும் வற்றும். வலியின்றி, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பெருத்து, வாரக்கணக்கில் வற்றாத கட்டியும், காறை எலும்புக்கு மேலே தோன்றும் கட்டியும், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எனப் பல இடங்களில் ஒருங்கே தோன்றும் கட்டிகளும் பரிசோதனைக்கு உரியவை.

கல்லீரலும் மண்ணீரலும் பெருப்பதால் வயிறு உப்பித் தோன்றும். சிறிது உண்டதும் போதும் என்று குழந்தை தட்டை விலக்கும். உடல் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருப்பதைக் குடற்புழு என்று கருதி மருந்து கொடுத்துவிட்டு இருந்துவிடலாகாது. மருத்துவர் வயிற்றைக் கையால் அழுத்திப் பார்க்கும் எளிய சோதனையே பல உண்மைகளைக் காட்டும்.

இவற்றை விட அரிதாகத் தோன்றுபவையும் உண்டு. காலையில் தலைவலியுடன் வாந்தி, பார்வை மங்கல், முகமும் கழுத்தும் வீங்குதல், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுதல், ஆண் குழந்தையின் விதைப்பை வலியின்றி வீங்குதல், ஈறு தடித்தல் ஆகியவை அவை. மூச்சு முட்டுதலும் முக வீக்கமும் சேர்ந்து வந்தால், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒன்றா, பலவா?

மேற்கண்ட அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று தனித்துத் தோன்றினால் அது பெரும்பாலும் எளிய காரணத்தாலேயே வந்திருக்கும். அச்சத்திற்கு இடமில்லை. கவனிக்க வேண்டியவை மூன்று: நீடித்தல், மிகுதல், சேர்தல். வழக்கமான காலத்தைக் கடந்து நீடிக்கிறதா? நாளுக்கு நாள் மிகுகிறதா? ஒன்றுடன் மற்றொன்று சேர்கிறதா? இம்மூன்றில் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்பது விடையானால் மருத்துவரை அணுகுங்கள்.

இரத்தப் புற்றுநோய் உள்ள 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளை ஒருங்கே ஆராய்ந்து 2016இல் ஒரு தொகுப்பாய்வு வெளியாயிற்று. கல்லீரல் வீக்கம், மண்ணீரல் வீக்கம், வெளிறுதல், காய்ச்சல், இரத்தம் கட்டுதல் ஆகிய ஐந்தும் தனித்தனியே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் காணப்பட்டன என்றும், கை கால் வலி 43 விழுக்காட்டினரிடம் இருந்தது என்றும் அது கூறுகிறது. எல்லா அறிகுறிகளும் எல்லாக் குழந்தைகளிடமும் தோன்றுவதில்லை என்பதும் இதனால் விளங்கும்.

முதற்படி: ஓர் எளிய பரிசோதனை

ஐயம் எழுந்தால் முதலில் செய்யப்படுவது 'சி.பி.சி.' எனப்படும் முழு இரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனை. சிற்றூர்களிலும் குறைந்த கட்டணத்தில் செய்யக்கூடியது. காரணம் தெரியாத வெளிறுதல், விடாத காய்ச்சல், தொடர்ந்த எலும்பு வலி, இரத்தக் கசிவு முதலியவை உள்ள குழந்தைக்கு 48 மணி நேரத்திற்குள் இப்பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்பது பிரிட்டன் மருத்துவர்களுக்கான வழிகாட்டு நெறி. தோலில் இரத்தப் புள்ளிகளோ கல்லீரல், மண்ணீரல் வீக்கமோ காரணமின்றி இருந்தால் உடனடியாகவே சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றும் அந்நெறி கூறுகிறது.

பரிசோதனை அறிக்கையைக் கணக்கேடு போலப் படிக்கலாம். இரும்புச்சத்துக் குறைவில் பெரும்பாலும் ஹீமோகுளோபின் என்னும் ஒரு கணக்கில்தான் இருப்புக் குறையும்; தட்டணுக்கள் பொதுவாகக் குறைவதில்லை. இரத்தப் புற்றுநோயில் ஹீமோகுளோபின், தட்டணு எனப் பல கணக்குகளில் ஒரே சமயத்தில் இருப்புக் குறைவது வழக்கம். தட்டணுக்களின் இயல்பான அளவு ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. வெள்ளையணுக்களின் எண்ணிக்கை மிகுந்தும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம், இயல்பாகவும் இருக்கலாம். ஆகையால் 'வெள்ளையணு சரியாக இருக்கிறது' என்பதொன்றையே வைத்து ஐயத்தை விட்டுவிட முடியாது.

இயந்திரம் எண்ணித் தருவதோடு, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கும் 'ஸ்மியர்' பரிசோதனையும் தேவை. நோயணுக்களை இயந்திரம் தவறவிடலாம். பயிற்சி பெற்ற கண் பெரும்பாலும் கண்டுகொள்ளும். ஐயம் வலுப்பட்டால் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துச் சோதித்து நோயை உறுதி செய்வர். முதுகெலும்பில் ஊசி செலுத்தி எல்லாம் எடுத்தால் குழந்தை முடங்கிவிடும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. மஜ்ஜை எடுக்கப்படுவது இடுப்பெலும்பிலிருந்து. முதுகில் எடுப்பது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரில் ஒரு சிறு பகுதி. அதனையும் தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழிருந்தே எடுக்கிறார்கள்.

தவிர்க்க வேண்டியவை

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை முதலாவதாகத் தவிர்க்க வேண்டியது. ஸ்டீராய்டு இந்நோய்க்கான சிகிச்சை மருந்துகளுள் ஒன்று. நோயைக் கண்டறியும் முன்பே மூட்டு வலிக்கென்றோ காய்ச்சலுக்கென்றோ அதைக் கொடுத்தால், அறிகுறிகள் தற்காலிகமாக மறையும். பரிசோதனையிலும் நோய் ஒளிந்துகொள்ளும். குழந்தை தேறிவிட்டதென்று குடும்பம் மகிழ்ந்திருக்கும் வேளையில் நோய் மீண்டும் தலைதூக்கும்.

மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். அது இரத்தக் கசிவை மிகுவிக்கும். வாரத்திற்கு ஒரு மருத்துவர் என்று மாறிக்கொண்டே இருந்தால் நோயின் போக்கை ஒருவரும் முழுமையாகக் காண முடியாமல் போகிறது. மாற நேர்ந்தால், பழைய மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை அறிக்கைகளையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள்.

யாருடைய குற்றமும் அன்று

நோய் உறுதியானதும் குடும்பத்தில் எழும் முதற்கேள்வி 'யாரால் வந்தது?' என்பது. கருவுற்றிருந்தபோது தாய் உண்டது, குழந்தைக்குப் பால் கொடுத்த முறை, ஜாதகம், கண்ணேறு என்று தேடத் தொடங்குவர். பெரும்பாலான குழந்தைகளிடம் இந்நோய்க்குக் குறிப்பான காரணம் எதையும் காண முடிவதில்லை. டவுன் நோய்க்குறி போன்ற சில பிறவி நிலைகளில் வாய்ப்பு மிகுதி. மற்றபடி இது பரம்பரையாக வருவதன்று, தொற்றுநோயும் அன்று. ஒரே தட்டில் உண்பதாலோ உடன் படுப்பதாலோ பரவாது. சிகிச்சை பெறும் குழந்தையைத் தனியே வைப்பது பிறருடைய கிருமிகளிலிருந்து அக்குழந்தையைக் காப்பதற்காகவே. இதை உறவினரும் அயலாரும் உணர வேண்டும்.

குணமாகக்கூடிய நோய்

1940களின் தொடக்கம் வரை இந்நோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்தனர். 1948இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி பார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தால் சில குழந்தைகளிடம் நோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். அம்மருந்தை அளித்த லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். அதே வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் இந்நோய்ச் சிகிச்சையில் இன்றியமையாத மருந்தாகும். அவரது நூற்றாண்டில் இந்திய அஞ்சல் துறை அஞ்சல் தலை வெளியிட்டது.

மற்றொரு முதன்மை மருந்தான வின்கிறிஸ்டின், நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைத்தது. இதைக் கேட்டதும் செடியைப் பறித்துக் கஷாயம் வைக்க எண்ணுதல் கூடாது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ இலை வேண்டும். செடியிலோ நச்சுத்தன்மை உள்ள வேறு பொருள்களும் உள்ளன. பிரித்தெடுத்துத் தூய்மை செய்து மில்லிகிராம் கணக்கில் செலுத்தினால்தான் அது மருந்து.

இன்று வளமிக்க நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வருவாய் குறைந்த நாடுகள் பலவற்றில் இது 30 விழுக்காட்டையும் எட்டவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் கண்டறியப்படாமை, தாமதமாகக் கண்டறிதல், சிகிச்சையைப் பாதியில் விடுதல், மருந்து கிட்டாமை ஆகியவற்றை அவ்வேறுபாட்டின் காரணங்களாக அது சுட்டுகிறது. 2030ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளேனும் பிழைக்க வேண்டும் என்னும் இலக்குடன் 2018இல் அந்நிறுவனம் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

நம் நாட்டிலும் இதற்கான சிகிச்சை உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டில்லி எய்ம்ஸ், சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனம், பெங்களூரு கித்வாய், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவை அவற்றுள் சில. குழந்தைப் புற்றுநோய்க்கெனத் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள இடமாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம்.

பாதியில் விடலாகாது

ஏ.எல்.எல். வகைக்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். முதல் மாதத்திலேயே நோயணுக்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடுவது வழக்கம். குழந்தை உண்கிறது, ஓடுகிறது, முடி வளர்கிறது. 'குணமாகிவிட்டதே, இனி எதற்கு அலைச்சல்?' என்று பெற்றோர் எண்ணும் இடம் இதுவே. வீட்டிலிருந்தே மாத்திரை உண்ணும் பிற்காலச் சிகிச்சையை நிறுத்திவிட்டால், மறைந்திருக்கும் நோயணுக்கள் மீண்டும் பெருகும். இரண்டாம் முறை குணப்படுத்துவது முதல் முறையை விடக் கடினம். சிகிச்சைக் காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. அன்று இரவே ஆயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பொருள் ஏற்பாடு

சிகிச்சையைப் பாதியில் விடுவதற்குப் பணமுடையும் தொலைவும் முதன்மைக் காரணங்கள். இங்கு எங்களால் சில வழிகளைச் சொல்ல இயலும்.

முதலாவது, அரசுத் திட்டங்கள். 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழி உண்டு. 14555 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தகுதியை அறியலாம். மாநில அரசுகளின் காப்பீட்டுத் திட்டங்களும் உள்ளன. வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோர்க்கு ராஷ்டிரிய ஆரோக்கிய நிதியின் கீழ்ப் புற்றுநோயாளர்களுக்கெனத் தனி நிதி உண்டு. பிரதமர் தேசிய நிவாரண நிதியிலிருந்தும் உதவி பெறலாம். சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை தரும் சான்று போதுமானது. பெரிய மருத்துவமனைகளில் உள்ள மருத்துவச் சமூகப் பணியாளரை முதல் நாளே சந்தியுங்கள். தங்குமிடம் தரும் செயின்ட் ஜூட் இந்தியா, குடும்பங்களுக்குத் துணைநிற்கும் கேன்கிட்ஸ் போன்ற தொண்டு நிறுவனங்களின் உதவிக்கும் அவரே வழிகாட்டுவார்.

இரண்டாவது, உங்கள் சேமிப்பு. வைப்புத்தொகையை முழுவதும் முறிப்பதற்கு முன், அதன் பேரில் கடன் பெறுவது இலாபமா என்று கிளையில் கேளுங்கள். பொது வருங்கால வைப்புநிதிக் கணக்கை ஐந்து ஆண்டுகளுக்குப் பின், பிள்ளையின் உயிருக்கு ஆபத்தான நோய்ச் சிகிச்சைக்காக முன்கூட்டியே முடிக்க விதி இடமளிக்கிறது. செல்வமகள் சேமிப்புக் கணக்கிலும் அச்சிறுமியின் கடும் நோயை முன்னிட்டு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவ்வாறே செய்யலாம். தொழிலாளர் வருங்கால வைப்புநிதியிலிருந்து குடும்பத்தாரின் நோய்க்காக முன்பணம் பெறலாம். இவ்வழிகளை ஆராயாமல் கந்துவட்டிக்குக் கடன் வாங்கிவிட வேண்டாம்.

மூன்றாவது, நோய் வருமுன் செய்ய வேண்டியது. மருத்துவக் காப்பீட்டில் குழந்தைகளின் பெயரும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். புதிய காப்பீட்டில் முதல் 30 நாள்களுக்கு விபத்தைத் தவிர மற்ற நோய்களுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. அதற்கு முன்பே இருந்த நோய்களுக்கு மேலும் நீண்ட காத்திருப்புக் காலம் உண்டு. எனவே உடல்நலத்தோடு இருக்கும் காலமே காப்பீடு எடுக்கும் காலம்.

நம்மால் இயன்றது

இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள குழந்தைக்குத் தட்டணுக்கள் பலமுறை செலுத்த வேண்டியிருக்கும். தட்டணுவை ஐந்து நாள்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. ஆதலால் கொடையாளர்கள் தொடர்ந்து தேவைப்படுகிறார்கள். பதினெட்டு வயது நிரம்பிய, உடல்நலம் உள்ள வாசகர்கள் தங்கள் ஊர் இரத்த வங்கியில் பெயரைப் பதிந்துவைக்கலாம். பணத்தால் வாங்க முடியாத உதவி இது.

பெற்றோருக்கு இறுதியாக ஒரு சொல். வாரந்தோறும் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. உச்சி முதல் உள்ளங்கால் வரை குழந்தையின் உடல் நம் கைகளில் இருக்கும் நேரம் அது. தோலில் புதிய புள்ளியோ நீலத் தழும்போ இருக்கிறதா, கழுத்திலும் அக்குளிலும் கட்டி தட்டுப்படுகிறதா, வயிற்றின் இடப்பக்கம் கடினமாக இருக்கிறதா, காலைத் தொட்டால் குழந்தை முகம் சுளிக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாக ஐந்து நிமிடமே ஆகும். ஏதும் இல்லையெனில் மகிழ்ச்சி. ஏதேனும் இருந்தால், அடுத்த வாரக் குளியல் வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.